தூரத்தின் விலை வெளிச்சம்

1891ஆம் ஆண்டு. லண்டனில் தாமஸ் டால்மேயர், ஜெர்மனியில் அடால்ஃப் மீத்தே, அடால்ஃப் ஸ்டைன்ஹைல். மூவரும் ஒருவருக்கொருவர் தொடர்பில்லாமல் ஏறக்குறைய ஒரே லென்ஸைச் செய்து முடித்தார்கள். முன்னால் ஒளியைக் குவிக்கும் கண்ணாடி, பின்னால் அதை விரிக்கும் கண்ணாடி. நடுவில் சரியான இடைவெளி விட்டால் பிம்பம் பெரிதாகும், ஆனால் கேமரா அந்த அளவுக்கு நீள வேண்டியதில்லை. கலிலியோவின் தொலைநோக்கியில் இருந்த அதே ஜோடிதான். அதைப் புகைப்படத் தட்டுக்கு ஏற்றபடி திருத்தி அமைத்ததில்தான் அவர்களுடைய சாமர்த்தியம் இருந்தது. டெலிபோட்டோ லென்ஸின் கதை இங்கே தொடங்குகிறது.

அதற்கு முன் தூரத்துப் பொருளைப் பெரிதாக எடுக்க விரும்பியவர், குவியத் தூரம் எவ்வளவோ அவ்வளவு நீளத்துக்குக் கேமராவின் தோல் துருத்தியை இழுத்தாக வேண்டும். ஒரு மீட்டர் குவியத் தூரத்துக்கு ஒரு மீட்டர் துருத்தி. காற்றடித்தால் அது படகுப் பாயாகிவிடும். டால்மேயரின் லென்ஸ் இந்தத் தொல்லையைப் பாதிக்குமேல் குறைத்தது. 1892இல் ஜெனீவாவின் ஃப்ரெட் புவாசொனா, சுமார் 70 கிலோமீட்டர் தொலைவில் இருந்த மோன் பிளாங் சிகரத்தை இத்தகைய லென்ஸால் எடுத்தார். பனி மூடிய அந்த மலை பக்கத்து ஊரில் இருப்பதுபோலத் தெரிந்ததைக் கண்டு ஐரோப்பா வியந்தது.

மலை அசையாது. அதனால்தான் அந்தப் படம் முடிந்தது.

பிம்பத்தை மூன்று மடங்கு பெரிதாக்கினால் அதே ஒளி ஒன்பது மடங்கு பரப்பில் பரவ வேண்டும். தட்டின் மேல் விழும் வெளிச்சம் ஒன்பதில் ஒரு பங்காகிறது. அந்தக் காலத்துத் தட்டுகளோ மிகவும் மந்தமானவை. மலைக்கு ஷட்டரை எத்தனை விநாடி வேண்டுமானாலும் திறந்து வைக்கலாம், மானுக்கு அது நடக்காது. தூரத்தைத் தாண்ட வேண்டுமானால் வெளிச்சத்தைக் கொடுத்தாக வேண்டும். இந்த ஒப்பந்தத்தின் சரத்துகள் கடந்த 130 ஆண்டுகளில் பலமுறை திருத்தி எழுதப்பட்டிருக்கின்றன, ஆனால் ஒப்பந்தம் ரத்தாகவில்லை. இன்று நீள லென்ஸ் வாங்கக் கடையில் நிற்பவருக்கும் முதல் கேள்வி இதுதான்.

ஆகவே முதல் தலைமுறைக் கானுயிர்ப் புகைப்படக்காரர்கள் லென்ஸைவிடத் தந்திரத்தையே அதிகம் நம்பினார்கள். இங்கிலாந்தின் யார்க்ஷயரைச் சேர்ந்த ரிச்சர்ட் கியர்ட்டன், செரி கியர்ட்டன் சகோதரர்கள் 1900இல் மாட்டுத் தோலை உரித்துப் பதப்படுத்தி, உள்ளே மரச்சட்டம் பொருத்தி, வயிற்றுக்குள் ஒருவர் கேமராவோடு நிற்கும்படி ஒரு பொய்க் காளையைச் செய்தார்கள். மேய்ச்சல் நிலத்துப் பறவைகள் மாட்டுக்கு அஞ்சுவதில்லை என்ற நுணுக்கமான கவனிப்பு அதில் இருந்தது. உள்ளே மணிக்கணக்கில் குனிந்து நிற்பவரின் முதுகுதான் அதற்கு விலை. அமெரிக்காவில் ஜார்ஜ் ஷைராஸ், படகில் விளக்கேற்றி இரவில் ஏரிக்கரை மான்களை நெருங்கி, மக்னீசியப் பொடியை வெடிக்கவைத்து எடுத்தார். 1906 ஜூலை நேஷனல் ஜியோகிராஃபிக் இதழ் அவருடைய 74 படங்களை வெளியிட்டது. ஜெர்மானியரான கார்ல் கியோர்க் ஷில்லிங்ஸ் கிழக்கு ஆப்பிரிக்காவில் நீள லென்ஸ், மக்னீசிய ஒளி இரண்டையும் வைத்துக்கொண்டு அலைந்தார். 1905இல் வெளிவந்த அவரது நூலின் தலைப்பிலேயே ஃப்ளாஷும் துப்பாக்கியும் அருகருகே நின்றன.

இந்தியாவில் இந்தத் தந்திரத்தின் உச்சம் எஃப். டபிள்யூ. சாம்பியன். ஐக்கிய மாகாணத்தில் வனத்துறை அதிகாரியாக இருந்த அவர், புலி நடக்கும் தடத்தின் குறுக்கே கண்ணுக்குத் தெரியாத கம்பியைக் கட்டினார். புலியின் கால் பட்டதும் ஷட்டர் திறக்கும், மக்னீசியம் பளிச்சிடும். படம் எடுத்தது புலியே என்றுகூடச் சொல்லலாம். 1925இல் லண்டன் பத்திரிகையில் அந்தப் படங்கள் வெளிவந்தன, 1927இல் ‘வித் எ கேமரா இன் டைகர்-லேண்ட்’ என்ற நூலாயின. பிரபுக்கள் செத்த புலியின்மேல் கால்வைத்துப் படமெடுத்துக்கொண்ட காலம் அது. உயிரோடு, தன் போக்கில் நடந்துவரும் புலியைக் காட்டியது பெரிய மாற்றம். வேட்டை எழுத்தில் பெயர் பெற்ற ஜிம் கார்பெட் கேமராவின் பக்கம் திரும்பியதில் சாம்பியனுக்குப் பங்கு உண்டு.

ஆனால் கம்பிக்கு ஓர் எல்லை உண்டு. எந்தத் தடத்தில் எந்த உயரத்தில் எது வரும் என்று முன்கூட்டியே தீர்மானித்தாக வேண்டும். யானைக்கூட்டம் ஆற்றைக் கடப்பதையோ செந்நாய்கள் மானைத் துரத்துவதையோ கம்பி கட்டி எடுக்க முடியாது. பகலில், விலங்கு தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, மனிதன் எட்ட நின்று எடுப்பதற்கு வேறு கருவி தேவைப்பட்டது. அமெரிக்காவில் கிராஃப்ளெக்ஸ் வரிசையில் 1907இல் இயற்கையாளர்களுக்கென்றே ஒரு கேமரா வந்தது. நீளமான லென்ஸ் பொருத்த வசதியாக அதன் முன்பகுதி நீண்டிருந்தது. கண்ணாடியில் பிம்பத்தைப் பார்த்தபடியே ஃபோகஸ் செய்யலாம். விலங்கு நகர நகர ஃபோகஸைத் திருத்தும் பழக்கத்துக்கு இத்தகைய கேமராக்கள்தாம் கையைத் தயார்ப்படுத்தின.

கானுயிர்ப் புகைப்படக்காரர்களுக்கு லென்ஸ் தொழிற்சாலைகள் நேரடியாகக் காது கொடுத்தது மிகக் குறைவு. மலையேறிகளுக்காகவும் போர் விமானங்களுக்காகவும் விளையாட்டுச் செய்தியாளர்களுக்காகவும் செய்யப்பட்டவைதாம் பின்னால் காட்டுக்கு வந்தன. 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸுக்காகக் கார்ல் ஸைஸ் செய்த 180 மி.மீ. எஃப் 2.8 சோனார் அப்படிப்பட்டது. ‘ஒலிம்பியா சோனார்’ என்றே பெயர் பெற்றது. அதே காலகட்டத்தில் லைட்ஸ் நிறுவனம் 35 மி.மீ. லைக்கா கேமராவுக்கு 200 மி.மீ. டெலிட் லென்ஸையும், அதைப் பொருத்திப் பார்க்கக் கண்ணாடிப் பெட்டி ஒன்றையும் விற்றது. ஃபிலிம் சிறிதானதால் அதே லென்ஸ் முன்பைவிட அதிகம் நெருங்கிக் காட்டியது. இன்று சிறிய சென்சார் கேமராவில் 400 மி.மீ. லென்ஸ் 600 மி.மீ. போலத் தெரிகிறது என்று சொல்கிறார்களே, அந்தக் கணக்கின் ஆரம்பம் அங்கே இருக்கிறது.

1950களில் மெமிங்கனின் நோவோஃப்ளெக்ஸ் நிறுவனம் துப்பாக்கிப் பிடி வைத்த லென்ஸைக் கொண்டுவந்தது. வளையத்தைத் திருகுவதற்குப் பதில் பிடியை அழுத்தினால் ஃபோகஸ் நகரும். பறக்கும் பறவையைத் தொடர ஒரு கை போதும். உள்ளே இருந்த கண்ணாடிகள் மிக எளியவை, படத்தின் ஓரங்கள் மங்கும். ஆனால் பறவை நடுவில்தானே இருக்கிறது! சோவியத் நாட்டிலும் 300 மி.மீ. லென்ஸோடு தோளில் சாய்க்கும் கட்டை வைத்த ‘ஃபோட்டோஸ்நைப்பர்’ விற்பனைக்கு வந்தது. இந்த உருவத்துக்கு மூதாதை ஒன்று உண்டு. பறவைகள் சிறகடிப்பதை ஆராய 1882இல் பிரெஞ்சு அறிவியலாளர் மாரே செய்த புகைப்படத் துப்பாக்கி, விநாடிக்கு 12 படம் எடுத்தது.

இன்னொரு வழியையும் சோவியத் அறிவியல்தான் திறந்தது. 1941இல் திமித்ரி மக்சூதோவ் வளைந்த ஆடிகளோடு முன்னால் ஒரு வளைந்த கண்ணாடியும் சேர்த்து ஒளியை மடித்து அனுப்பும் தொலைநோக்கி அமைப்பை உருவாக்கினார். அதிலிருந்து கையடக்கமான 500, 1000 மி.மீ. ஆடி லென்ஸ்கள் பிறந்தன. விலை குறைவு, எடை குறைவு. ஆனால் ஒளி நுழையும் துளையின் அளவை மாற்ற முடியாது, பெரும்பாலும் எஃப் 8 அல்லது எஃப் 10தான் (எண் கூடினால் துளை சிறிது). பின்னணியில் மின்னும் ஒவ்வொரு ஒளிப்புள்ளியும் நடுவில் ஓட்டை விழுந்த மெதுவடைபோலப் படத்தில் பதியும். காலை எட்டு மணிக்கு முன் காட்டுக்குள் அதை வைத்துக்கொண்டு செய்ய அதிகம் இல்லை.

தமிழ்நாட்டில் இந்த வரலாற்றுக்கு ஒரு முகம் உண்டென்றால் அது மா. கிருஷ்ணனுடையது. திருநெல்வேலியில் 1912இல் பிறந்தவர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். சந்தூர் சமஸ்தானத்தில் சில ஆண்டுகள் பல வேலைகள் பார்த்துவிட்டுச் சென்னை திரும்பி, எழுத்தையும் படத்தையும் நம்பி வாழ்ந்தார். ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950இல் தொடங்கிய அவரது பத்தி 1996இல் அவர் மறையும்வரை வந்தது. தமிழிலும் எழுதினார். அந்தக் கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்று பின்னர் தொகுத்தார்.

கிருஷ்ணனிடம் விலையுயர்ந்த சாதனம் எதுவும் இருக்கவில்லை. அவருடைய கேமராவைப் பார்த்த ஈ. பி. ஜீ, அசாம் தேயிலைத் தோட்டக்காரரும் கானுயிர் எழுத்தாளருமானவர், உடல் ஒரு கம்பெனியுடையது, டெலி லென்ஸ் இன்னொன்றுடையது, மற்ற பாகங்கள் அவரே இணைத்தவை என்று வியப்போடு பதிவு செய்திருக்கிறார். அதிலிருந்து வந்த படங்களின் தரத்தையும் பாராட்டினார். பாகங்களைத் தானே சேர்ப்பவருக்கு லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே உள்ள தூரம் எவ்வளவு, எங்கே ஒளி கசியும், எந்த மரை தளரும் என்பதெல்லாம் விரல்நுனியில் இருக்கும். வாங்கிய மறுநாளே காட்டுக்குக் கிளம்புகிறவருக்குக் கிடைக்காத அறிவு அது.

அவர் எடுத்தவை பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. காரணம் ரசனை மட்டுமல்ல என்று கணக்குப் பார்த்தால் தெரியும். 1960களின் நல்ல வண்ண ஃபிலிமின் வேகம் 25 ஏ.எஸ்.ஏ., கறுப்பு வெள்ளையில் 400 ஏ.எஸ்.ஏ. கிடைத்தது. பதினாறு மடங்கு வித்தியாசம். முதுமலையின் மூங்கில் நிழலில், மங்கலான டெலி லென்ஸோடு நிற்பவருக்கு அந்தப் பதினாறு மடங்குதான் படம் கிடைப்பதற்கும் கிடைக்காததற்கும் நடுவே நின்றது. காட்டு யானைகளை அவர் பெரும்பாலும் பழக்கப்பட்ட யானையின் முதுகில் இருந்தே நெருங்கினார். யானைமேல் முக்காலி வைக்க முடியாது. அது மூச்சு விட்டாலும் காதை அசைத்தாலும் லென்ஸ் ஆடும். அந்த நிலையில் கூர்மையான படங்களை எடுக்க எத்தகைய பயிற்சி வேண்டும் என்பதை, நீள லென்ஸைக் கையில் பிடித்துப் பார்த்தவர்கள் உடனே உணர்வார்கள்.

1968இல் கிடைத்த ஜவஹர்லால் நேரு ஃபெலோஷிப் அவருக்குத் தீபகற்ப இந்தியாவின் பாலூட்டிகளைத் தேடிச் செல்லும் வாய்ப்பைத் தந்தது. அந்த ஆய்வு 1975இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வெளியீடாக வந்தது. அதில் படங்கள் அலங்காரம் அல்ல, சான்று. யானை தனியாக நிற்காது, அது தின்னும் புல்லும் சாய்க்கும் மரமும் சுற்றி நிற்கும் கூட்டமும் படச் சட்டத்துக்குள் இருக்கும். அதே காலகட்டத்தில் பெங்களூரில் டி. என். ஏ. பெருமாள், இ. அனுமந்த ராவ் போன்றவர்கள் பறவைகளைப் படமெடுப்பதில் பெயர் பெற்றார்கள். வெளிநாட்டு லென்ஸுக்குச் சுங்கவரி கடுமையாக இருந்த காலம். சிங்கப்பூரில் இருந்தோ ஜப்பானில் இருந்தோ வரும் உறவினரின் பெட்டியை எதிர்பார்த்துக் காத்திருந்தவர்கள் பலர்.

அதே ஆண்டுகளில் ஜப்பானில் ஒப்பந்தத்தின் முக்கியமான சரத்து திருத்தப்பட்டுக்கொண்டிருந்தது. லென்ஸ் நீள நீளச் சிவப்பு ஒளியும் நீல ஒளியும் வெவ்வேறு இடங்களில் குவியும், விளிம்புகளில் நிறம் கசியும். துளையைப் பெரிதாக்கினால் குறை இன்னும் பெரிதாகும். அதனால்தான் பழைய நீள லென்ஸ்கள் மங்கலாகவே இருந்தன. ஃப்ளோரைட் என்ற கனிமப் படிகத்தில் இந்தப் பிரிவு மிகக் குறைவு என்பதை 1880களிலேயே எர்ன்ஸ்ட் அபே அறிந்து நுண்ணோக்கிகளில் பயன்படுத்தியிருந்தார். ஆனால் இயற்கையில் கிடைக்கும் தூய படிகங்கள் கேமரா லென்ஸ் அளவுக்குப் பெரியவை அல்ல. கேனான் 1960களில் உலையில் வைத்துப் படிகத்தை வளர்க்கக் கற்றது. 1969இல் அந்தச் செயற்கைப் படிகத்தோடு 300 மி.மீ. லென்ஸை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மென்மையான பொருள் என்பதால் தேய்த்து மெருகேற்றச் சாதாரணக் கண்ணாடியைவிடப் பல மடங்கு நேரம் ஆகும். சூட்டில் விரிவதும் அதிகம். கேனானின் பெரிய லென்ஸ்கள் வெள்ளை நிறத்தில் இருப்பது வெயிலின் சூட்டைத் தள்ளத்தான். நிக்கான் தனக்கென்று இ.டி. என்ற கண்ணாடியை உருவாக்கி, 1972 சப்போரோ குளிர்கால ஒலிம்பிக்ஸை ஒட்டி 300 மி.மீ. எஃப் 2.8 லென்ஸைச் செய்தியாளர்களுக்குத் தந்தது. மறுபடியும் ஒலிம்பிக்ஸ்தான். பனிச்சறுக்கு வீரருக்காகச் செய்தது சில ஆண்டுகளில் சிறுத்தையின் முன் வந்து நின்றது.

1987இல் வந்த கேனான் இ.ஓ.எஸ். வரிசை, லென்ஸுக்குள்ளேயே மோட்டாரை வைத்தது. நோவோஃப்ளெக்ஸ் பிடியில் கை செய்த வேலையை இனி ஒலியில்லாமல் எந்திரம் செய்தது. 1999இல் பெரிய டெலிபோட்டோ லென்ஸ்களில் கையின் நடுக்கத்தைச் சமன்செய்யும் அமைப்பும் சேர்ந்தது.

வெளிச்சத்தின் விலை குறையவில்லை, அது கிலோவாகவும் ரூபாயாகவும் மாறியது, அவ்வளவுதான். 600 மி.மீ. எஃப் 4 லென்ஸின் முன்கண்ணாடி 150 மி.மீ. விட்டத்துக்குக் குறையக் கூடாது. 600ஐ நான்கால் வகுத்தால் வருவது அது, எந்தப் பொறியாளராலும் குறைக்க முடியாத எண். 1999ஆம் ஆண்டின் கேனான் 600 மி.மீ. லென்ஸ் 5.36 கிலோ, அடுத்தது 3.92 கிலோ, 2018இல் வந்தது 3.05 கிலோ. முன்கண்ணாடி சிறிதாகவில்லை. பின்னால் உள்ள கண்ணாடிகளைத் திறமையாக மாற்றி அடுக்கினார்கள். துளையைச் சற்றுக் குறைத்துக்கொள்ளச் சம்மதித்தால் எடை இன்னும் இறங்கும். கலங்கரை விளக்குக்காக ஃப்ரெனெல் இருநூறு ஆண்டுகளுக்கு முன் வகுத்த வட்ட வரிக் கண்ணாடியைத் தழுவி, நிக்கான் 2018இல் 500 மி.மீ. எஃப் 5.6 லென்ஸை ஒன்றரைக் கிலோவுக்குள் அடக்கியது. 2013ஆம் ஆண்டின் முடிவில் டாம்ரானும், அடுத்த ஆண்டு சிக்மாவும் கொண்டுவந்த 150-600 மி.மீ. ஜூம்கள்தான் மாதச் சம்பளக்காரரின் கைக்கு 600 மி.மீ.ஐக் கொண்டுவந்தன. நீள முனையில் துளை எஃப் 6.3. எஃப் 4ஐவிட வெளிச்சம் பாதிக்கும் குறைவு. திறந்த நீர்நிலையில் அது ஒரு குறையே அல்ல. சோலைக்காட்டில் மாலை ஐந்தரை மணிக்கு அது பெரிய குறை.

எங்கே நிற்கப்போகிறோம் என்பதுதான் லென்ஸைத் தீர்மானிக்க வேண்டும். வேடந்தாங்கலில் பறவைகள் ஏரிக்கு நடுவே உள்ள மரங்களில் கூடு கட்டுகின்றன, பார்ப்பவர் கரையில் நிற்கிறார். நடுவே தண்ணீர். 200 மி.மீ. லென்ஸில் அங்கே மரம்தான் கிடைக்கும். நத்தைகுத்தி நாரையின் அலகிடுக்கு வேண்டுமானால் 500க்கு மேல் போக வேண்டும். கோடிக்கரையின் உப்பளப் பரப்பில் வேறு சிக்கல். பூநாரைக் கூட்டம் நிற்கும் தூரத்துக்கு 800 மி.மீ.கூடப் போதாதுபோல் தோன்றும். ஆனால் பத்து மணிக்கு மேல் தரையில் இருந்து எழும் சூட்டுக் காற்று ஒளியை அலைக்கழிக்கும். எவ்வளவு விலை கொடுத்த லென்ஸிலும் பூநாரையின் கால்கள் நெளியும். அங்கே பணம் செலவழிப்பதைவிட விடியலுக்கு முன் எழுவது பலன் தரும்.

லென்ஸைத் தாங்குவதும் பழைய கலைதான். குவியத் தூரம் 600 மி.மீ. என்றால் ஷட்டர் 1/600 விநாடிக்குக் குறையாமல் இருக்கட்டும் என்ற பழைய வாய்ப்பாடு இன்றும் நல்ல தொடக்கம். ஜீப்பில் முக்காலிக்கு இடம் இருக்காது. அரிசியோ பயறோ நிரப்பிய துணிப்பையை வண்டியின் பக்கக் கம்பியின்மேல் போட்டு அதன்மேல் லென்ஸைப் படுக்கவைப்பது அதைவிட உறுதி. முதலில் ஓட்டுநரிடம் எஞ்சினை அணைக்கச் சொல்ல வேண்டும். 10 மீட்டரில் இருக்கும் பறவையை 600 மி.மீ. எஃப் 4இல் எடுத்தால் கூர்மையாக விழும் ஆழம் ஏழு சென்டிமீட்டருக்கும் குறைவு. கண்ணில் ஃபோகஸ் விழுந்தால் வால் மங்கும். இன்றைய கேமராக்கள் விலங்கின் கண்ணைத் தாமே கண்டுபிடிக்கின்றன. அலகைத் திருப்பும் நொடி எது என்பதை இன்னும் மனிதன்தான் பறவையைப் பார்த்துப் பார்த்துக் கற்க வேண்டியிருக்கிறது.

நீள லென்ஸ் கூடவே ஒரு பழக்கத்தையும் கொண்டுவந்தது. பின்னணி முழுவதும் வழவழப்பாகக் கரைந்து, நடுவில் ஒரு முகம் மட்டும். போட்டிகளிலும் கைப்பேசித் திரைகளிலும் வரிசையாக வரும் புலி முகங்களில் எது எந்தக் காட்டில் எடுத்தது என்று சொல்லவே முடிவதில்லை. கிருஷ்ணன் தன் ஒட்டுப்போட்ட கேமராவில் விடாமல் சேர்த்த காடு இப்போது சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. அழகான படங்கள்தாம் அவை. ஆனால் அந்த விலங்கு எதைத் தின்று, எதற்கு அஞ்சி, எங்கே வாழ்கிறது என்பதைப் பற்றி அவை ஒன்றும் சொல்வதில்லை, இது சின்ன இழப்பு அல்ல.

இழப்போடு ஒரு லாபமும் வந்தது. கூட்டுக்கருகே மறைவிடம் கட்டிப் படமெடுப்பது கியர்ட்டன் காலத்தில் இருந்து நூறாண்டுகள் பெருமையான முறையாக இருந்தது. இலைகளை விலக்கிக் கூட்டைத் திறந்தால் வெயிலும் காகமும் குஞ்சுகளைக் கொல்லும் என்று தெரிந்தபின் அது கண்டனத்துக்கு உள்ளாயிற்று. இன்று பல போட்டிகள் கூட்டுப் படங்களை ஏற்பதே இல்லை. எட்ட நின்று எடுக்க லென்ஸ் கிடைத்ததால்தான் அந்த மறுப்பு நடைமுறைக்குச் சாத்தியமானது.

புலிக் காப்பகங்களில் கதை வேறுவிதமாகப் போகிறது. 2012இல் வகுத்த சுற்றுலா வழிகாட்டு நெறிகள், வாகனங்கள் விலங்குகளுக்கு 20 மீட்டருக்குள் போகக் கூடாது என்கின்றன. 20 மீட்டரில் 600 மி.மீ. லென்ஸின் சட்டத்துக்குள் அடங்குவது 1.2 மீட்டர் அகலம்தான், புலியின் தலையும் தோளும். முழுப்புலியும் அது படுத்திருக்கும் புல்லும் வேண்டுமானால் அதே லென்ஸோடு 60 மீட்டருக்குப் பின்வாங்க வேண்டும். அப்படியிருந்தும் பெரிய லென்ஸ்கள் துருத்தி நிற்கும் ஜீப்புகள் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு 20 மீட்டர் எல்லையை உரசி நிற்பது காப்பகங்களில் வழக்கமான காட்சியாகிவிட்டது. அந்த ஜீப்பில் 600 மி.மீ. லென்ஸோடு உட்கார்ந்திருப்பவர் நல்ல படத்துக்காகவே ஓட்டுநரிடம் நாற்பது மீட்டர் பின்னால் எடுக்கச் சொல்லலாம், புலிக்கும் அது போதுமான இடம்.